டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்த இருமல்

பத்து வயதில் எனக்கு ஒரு திறமை இருந்தது. யாரையும் ஒருமுறை பார்த்தால் போதும், அவர்களைப் போலவே செய்துகாட்டிவிடுவேன். விசிலை வாயில் கடித்துக்கொண்டே சில்லறை கேட்கும் கண்டக்டரான என் அப்பா, பூசையில் வாசகம் படிக்கும்போது மூக்குக்கண்ணாடியை மூன்றுமுறை ஏற்றிவிட்டுக்கொள்ளும் உபதேசியார், அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு "போன தடவ மாதிரி கையப் பிடிக்க வச்சிடாதீங்க" என்று அம்மாவிடம் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டும் பின்தெரு அக்கா, எல்லோரும் என்னிடம் இருந்தார்கள். வீட்டுக்கு யாராவது வந்தால் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்திவிடுவார். வந்தவர்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு சந்தில் இருந்தது. முன்னறையில் அம்மாவின் தையல் மெஷின். எங்கள் மாதா கோயிலுக்கு வரும் பெண்களில் பாதிப்பேருக்கு அம்மாதான் ஜாக்கெட் தைத்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் துணிப்பைகள் கட்டிலுக்கு அடியில்கூட இடம் பிடித்திருக்கும்.

அந்த வருஷம் மழை முடிந்தபின் அம்மாவுக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. கொஞ்ச நாளில் வீட்டில் சில ஏற்பாடுகள் மாறின. அம்மாவுக்குத் தனி டம்ளர், தனித் தட்டு. அதுவரை அம்மாவோடு படுத்துக்கொண்டிருந்த நான் அப்பாவோடு முன்னறையில் படுக்க வேண்டும் என்றார்கள். அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் பஸ் ஏறிச் சிதம்பரம் போய்வந்தாள். கேட்பவர்களிடம், அங்கே லைனிங் துணி மலிவு என்று சொன்னாள். என்னிடம் சொல்லிவைத்தது ஒன்றே ஒன்றுதான்.

"யாராச்சும் கேட்டா சளின்னு சொல்லு. வேற எதுவும் வாயத் தொறக்காத."

கடலூரிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கும்போது அம்மா ஏன் அவ்வளவு தூரம் போய் மாத்திரை விழுங்கிவிட்டு வந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கடலூரில் வரிசையில் நின்றால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள். காசநோய்க்காரி கைபட்ட துணியை யார் உடுத்துவார்கள்? அந்தப் பயம்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா என்னைப் பக்கத்தில் விடுவதில்லை என்பதுதான். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து மடியில் சாய்ந்தால், "அங்க போயி உக்காரு" என்று முழங்கையால் தள்ளுவாள். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பங்குக் கோயிலுக்கு ஒரு புது ஃபாதர் வந்தார். ரோமாபுரியில் பல வருஷம் படித்தவர். அங்கே அவர் இறையியலோடு வேறொன்றையும் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். இத்தாலிக்காரர்களின் இசை நாடகம். ஓபரா என்று சொல்வார். அதில் யாரும் பேச மாட்டார்கள். வாடகை கேட்பதானாலும் வயிற்றுப்பசியைச் சொல்வதானாலும் பாடித்தான் சொல்வார்கள். அப்படி ஒன்று வேண்டும் என்று கடலூரில் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ஃபாதர் அதைத் தமிழில் எழுதி, எங்கள் பாடகர் குழுவை வைத்து மேடையேற்றுவது என்று முடிவு செய்துவிட்டார்.

கதை எளிமையானதுதான். வாடகை கொடுக்க முடியாத நாலு வாலிபர்கள் ஒரு மாடி அறையில் குளிரில் கிடக்கிறார்கள். ஒருவன் கவிஞன். அதே கட்டடத்தில் துணியில் பூத்தையல் போட்டுப் பிழைக்கும் ஓர் ஏழைப்பெண் இருக்கிறாள். இருவருக்கும் காதல். அவளுக்கு நெஞ்சில் வியாதி. மருந்து வாங்க வழியில்லாமல் கடைசிக் காட்சியில் அதே மாடி அறைக்கு வந்து கட்டிலில் செத்துப்போகிறாள்.

பங்குப் பேரவையில் ஒரு பெரியவர் எழுந்து கேட்டாராம்.

"நெஞ்சு வியாதிக்காரி சாவப்போற நேரத்துல இம்மாம் நேரம் எப்பிடி சாமி பாடுவா?"

"அதாங்க ஓபரா" என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார்.

கவிஞனாக என் மாமாவைப் போட்டார்கள். மாமா மின்வாரியத்தில் வேலை பார்த்தார். குரல் நல்ல குரல். தையல்காரப் பெண்ணாக மஞ்சக்குப்பத்தில் கணக்குச் சொல்லித்தரும் ஒரு டீச்சர். ஃபாதருடைய நண்பர் ஒருவர் சிதம்பரத்தில் வயலின் சொல்லிக்கொடுப்பவர்; அவரும் அவருடைய மாணவர் ஒருவரும் சனி ஞாயிறுகளில் வந்து வாசித்தார்கள். நாடகத்தைச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அரங்கில் போடவும் அவர்தான் ஏற்பாடு செய்தார். எந்த ஸ்வரத்தில் நின்றாலும் கர்நாடக சங்கீதப் பழக்கத்தில் அவருடைய விரல் தானாக அசைந்துவிடும். ஃபாதர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "அசைக்காதீங்க சார், நேரா வாசிங்க, நேரா" என்பார். குளிரில் நடுங்க வேண்டிய வாலிபர்கள் வாழ்நாளில் குளிரே பார்க்காதவர்கள். ஜுரம் வந்தவர்கள்போல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

உடுப்பு தைக்கும் வேலை அம்மாவுக்கு வந்தது. ஃபாதர் ஒரு படப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். இடுப்பில் இறுகி, கீழே குடைபோல் விரியும் நீண்ட சாம்பல்நிறக் கவுன். கழுத்திலும் கைமுனையிலும் லேஸ். அம்மா அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இடுப்புக்குள்ள எலும்பு மாதிரி ஏதோ வச்சிருக்காங்க ஃபாதர். நான் பிளாஸ்டிக் பட்டை வச்சிப் பாக்குறேன்" என்றாள். அவ்வளவு உற்சாகமாக அம்மா பேசி நான் கேட்டு நாளாகியிருந்தது.

அம்மா தைக்க உட்கார்ந்துவிட்டதால் சாயங்காலங்களில் மாமா என்னைத் தன் டிவிஎஸ் ஃபிப்டியில் முன்னால் நிற்கவைத்து ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போவார். கோயிலுக்குப் பக்கத்து ஹாலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எல்லாம் ஒரு வழியாகக் கூடிவந்தது, டீச்சரின் இருமலைத் தவிர. கடைசிக் காட்சியில் பாட்டு நடுவில் நிற்கும், வயலின்களும் நிற்கும், அந்த இடத்தில் அந்தப் பெண் இரும வேண்டும். டீச்சர் இருமினால், வகுப்பில் சத்தம் போடுகிறவர்களை அடக்குவதற்காகக் கனைப்பதுபோல் இருந்தது. ஃபாதர் செய்துகாட்டினார். அது இன்னும் மோசம். ஒரு சனிக்கிழமை ஏழெட்டுத் தடவை அதே இடத்தைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். டீச்சருக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன்.

"அப்பிடி இல்ல டீச்சர்."

எல்லோரும் திரும்பினார்கள். டீச்சர் கோபப்படவில்லை. "பின்ன எப்பிடி? வந்து செஞ்சு காட்டு" என்றார்.

நான் மேடைக்குப் போய்ச் செய்துகாட்டினேன். முதலில் ஒரு சின்ன இருமல். வரக்கூடாது என்று உதட்டை மூடி அதை உள்ளேயே அடக்குவது. தோள் மட்டும் குலுங்கும். பிறகு அடக்க முடியாமல் உடம்பு முன்னால் மடிவது. இடதுகை பிடித்துக்கொள்ள ஏதாவது தேடும். சுவரோ, மேஜை விளிம்போ. வலதுகையில் நாலாக மடித்த துணி வாய்க்குப் போகும். இருமி முடிந்ததும் அந்தத் துணியை யாரும் பார்க்காதபடி சட்டென்று விரித்துப் பார்த்து, உள்பக்கமாக மடித்து இடுப்பில் செருகிக்கொள்வது. கடைசியில் எதிரே இருப்பவரைப் பார்த்து, தொந்தரவு கொடுத்துவிட்டதற்காக மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு சிரிப்பு.

வயலின்காரர் வில்லைத் தாழ்த்திக்கொண்டு, "அடடா" என்றார். ஃபாதர் என் தலையில் கை வைத்தார்.

"யாரப் பாத்துக் கத்துக்கிட்ட?"

"யாரையும் இல்ல ஃபாதர். நானாத்தான் செஞ்சேன்."

இந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் அது பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். ஒன்றும் தெரியாத குழந்தை என்று இத்தனை வருஷம் கழித்து என்னை நானே மன்னித்துவிட முயலும்போதெல்லாம் அந்தப் பதில் குறுக்கே வந்து நிற்கிறது. எதை மறைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மறைத்துக்கொண்டே விற்கவும் தெரிந்திருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கையில் மாமா மட்டும் கையிலிருந்த பாட்டுத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது கெடிலம் பாலம் தாண்டி வண்டியை நிறுத்தி எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக்கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"உங்கம்மாகிட்ட இதச் சொல்லாத, என்னா?"

"ஏன் மாமா?"

"சொல்லாதன்னா சொல்லாத."

அவர் நினைத்திருந்தால் அன்றே நிறுத்தியிருக்கலாம். டீச்சரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் மறுநாள் ஒத்திகையில் டீச்சர் அப்படி இருமியதும், பக்கத்தில் மண்டியிட்டுப் பாட வேண்டிய மாமாவின் குரல் முதல்முறையாக உடைந்தது. ஃபாதர் கைதட்டினார். இதற்காகத்தான் காத்திருந்தேன் என்றார். அதன்பிறகு மாமாவாலும் அதை விட முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த பத்துப் பதினைந்து நாள் நான்தான் டீச்சருக்கு டீச்சர். "இடது கை முன்னாடி போவணும் டீச்சர்", "துணியப் பாக்குறது வேகமா இருக்கணும்" என்றெல்லாம் திருத்தினேன். டீச்சர் ஏதாவது சந்தேகம் கேட்டால், நாளைக்குச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்து கவனிப்பேன். அம்மா எப்போது இருமுவாள் என்று மெஷினுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நின்றேன். கால் முதலில் மடிகிறதா, முதுகு முதலில் வளைகிறதா என்று பார்த்தேன்.

ஒருநாள் இருமி முடித்து நிமிர்ந்தபோது நான் நிற்பதை அம்மா பார்த்துவிட்டாள்.

"என்னாடி, பயந்துட்டியா? ஒன்னும் இல்ல. சளிதான்" என்றாள். பிறகு கவுனுக்கு வாங்கிய லேஸில் ஒரு முழம் வெட்டி, மெஷின் மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினாள். "உன் பாவாடைக்கு வச்சித் தர்றேன்."

அந்த லேஸை நான் வாங்கிக்கொண்டேன்.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு. மதியச் சாப்பாடு முடிந்ததும் கோயிலிலிருந்து ஒரு பஸ் பேசிக் கிளம்பினோம். பாடகர் குழு, அவர்கள் வீட்டுப் பெண்கள், மேடைக்குக் கட்டில், மேஜை, அடுப்பு எல்லாம் ஏறின. அம்மா ஊசியும் நூலும் கத்தரியும் போட்ட பையோடு வந்தாள். அப்பா, "நீ எதுக்கு, உடம்பு தாங்காது" என்று சொல்லிப்பார்த்தார். "மேடையில தையல் பிரிஞ்சா யாரு பாப்பாங்க?" என்று அம்மா கேட்டாள். உண்மையில் அந்தக் கவுனை விளக்கொளியில் பார்க்க அவளுக்கு ஆசை. காலையிலிருந்தே அது முகத்தில் தெரிந்தது.

அரங்கில் பாதிக்குமேல் கூட்டம். சிதம்பரத்துச் சங்கீத ரசிகர்கள் முன்வரிசையில் தொடையில் கை வைத்துத் தாளம் போடத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் கடலூர்ப் பெண்கள். அவர்கள் நடுவில் அம்மா. பக்கத்தில் நான். அந்த வரிசையில் இருந்த எல்லோருமே அம்மாவிடம் ஜாக்கெட் தைப்பவர்கள்.

டீச்சர் கையில் மெழுகுவர்த்தியோடு முதலில் மேடைக்கு வந்தபோது வரிசை முழுக்க ஒரு முணுமுணுப்பு. "நீங்க தச்சதா? வெளிநாட்டுல வாங்குன மாதிரி இருக்கு" என்று பின்தெரு அக்கா அம்மாவின் கையைப் பிடித்தார். அம்மா என் காதருகே குனிந்து, "இடுப்பு எப்பிடி நிக்கிது பாரு" என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அம்மாவின் மூச்சு என் காதில் பட்டது.

கடைசிக் காட்சி வந்தது. மாடி அறை. டீச்சரைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து கட்டிலில் உட்காரவைத்தார்கள். மாமா பக்கத்தில் மண்டியிட்டார். பாட்டு பாதியில் நின்றது. வயலின்கள் நின்றன.

டீச்சர் இருமினார்.

நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூடக் குறையவில்லை. உதட்டை மூடி அடக்கியது, தோள் குலுங்கியது, இடதுகை கட்டில் சட்டத்தைத் தேடிப் பிடித்தது, நாலாக மடித்த துணி, சட்டென்று ஒரு பார்வை, உள்பக்கமாக மடித்து இடுப்பில் செருகியது. கடைசியில் மாமாவைப் பார்த்து அந்தச் சிரிப்பு. எனக்கு முன்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கு நெஞ்சு முட்ட சந்தோஷம். அம்மாவின் கையைச் சுரண்டினேன்.

"அம்மா, இது நாந்தான் டீச்சருக்குச் சொல்லிக்குடுத்தேன்."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பாராட்டப்போகிறாள் என்றுதான் காத்திருந்தேன்.

"மாமாவுக்குத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரியும்மா."

அம்மா மறுபடி மேடையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். டீச்சர் இரண்டாவது முறை இருமினார். பின்தெரு அக்கா மேடையைப் பார்த்தார். பிறகு கழுத்தை மட்டும் திருப்பி அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வை வரிசையில் ஒவ்வொருவராக நகர்ந்துபோனது எனக்குத் தெரிந்தது.

அப்போது அம்மாவுக்கு இருமல் வந்தது. அவள் அதை வெளியே விடவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கட்டியது. டீச்சர் பாடிக்கொண்டே சாவதற்கு எடுத்துக்கொண்ட அவ்வளவு நேரமும் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது இருமினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் முடியாமல் எழுந்து, எட்டுப் பேரின் முழங்கால்களை உரசிக்கொண்டு வரிசையிலிருந்து வெளியேறினாள். பெண்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

டீச்சரின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வாய்திறக்கும்முன் முழு அமைதி வர வேண்டும் என்று ஃபாதர் எழுதியிருந்தார். அந்த அமைதி வந்தது. அதில் அரங்கின் கதவருகிலிருந்து அம்மா இருமும் சத்தம் கேட்டது. சற்றுமுன் மேடையில் கேட்ட அதே இருமல். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். கதவுச் சட்டத்தை இடதுகையால் பிடித்துக்கொண்டு, குனிந்து, துணியை மடித்து இடுப்பில் செருகிய அம்மா, அத்தனை பேர் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, பழக்கத்தில் அந்தச் சிரிப்பைச் சிரித்துவிட்டாள்.

மேடையில் மாமாவுக்குப் பாட வேண்டிய கடைசி வரி வரவில்லை. வயலின்காரர் ஒருமுறைக்கு இருமுறை எடுத்துக்கொடுத்தார். திரை விழுந்தது. கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைத் திறந்துவைத்து முகத்தை வெளியே திருப்பியிருந்தாள். பக்கத்து இடத்தில் தையல் பை. ஏறிய பெண்கள் "இங்க காத்து வரல", "பின்னாடி எடம் இருக்குது" என்று ஏதோ சொல்லிக்கொண்டு தாண்டிப்போனார்கள். யாரும் மோசமாகப் பேசவில்லை. நான் ஏறியதும் அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். இத்தனை நாளாக என்னைத் தள்ளித் தள்ளி உட்காரவைத்தவள் அன்று இடம் விட்டாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் கடைசி வரிசையில் கோரஸ் பாடும் பெண்பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துகொண்டேன்.

புதுச்சத்திரம் தாண்டியதும் ஒருத்தி என் பக்கம் குனிந்தாள்.

"உங்கம்மாவுக்கு டிபியாடி?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்கம்மாதான?"

நான் ஜன்னல் வழியாக உப்பளம் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் ஒட்டிய மீசையை இன்னும் எடுக்காத மாமா முன்பக்கமிருந்து எழுந்துவந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். இறங்கும்போதுதான் மாமா, "நான் சொல்லியிருக்கணும்க்கா" என்றார்.

"விடுடா. நாடகம் நல்லா வந்துச்சு" என்றாள் அம்மா.

மறுநாள் பின்தெரு அக்கா வந்தார். அவசரமில்லை, அப்புறம் தைத்துக்கொள்கிறேன் என்று துணியைத் திருப்பிக் கேட்டார். அடுத்தடுத்து மற்றவர்களும் வந்தார்கள். யாரும் படியேறவில்லை. அம்மா உள்ளிருந்து பைகளை எடுத்துக் கொடுக்க, நான் வாசலில் கொண்டுபோய்த் தர வேண்டும். அவர்கள் பையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து வாங்கிக்கொண்டு, "அம்மாவ ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு" என்பார்கள். ஒருவர் வாங்கியதை அங்கேயே உதறிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் தரை தெரிய ஆரம்பித்தது.

மாத்திரை ஆரம்பித்து அதற்குள் இரண்டு மாதம் ஆகியிருந்தது என்றும், இனி யாருக்கும் ஒட்டாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள் என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன். அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஃபாதர் எங்கள் வீட்டுக்கு வந்து முன்னறையில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பூசையில் நானே எல்லோருக்கும் விளக்கிச் சொல்கிறேன் என்றார். "வேணாம் ஃபாதர். இன்னொரு தரம் எல்லாரும் திரும்பிப் பாக்க வேணாம்" என்று அம்மா சொல்லிவிட்டாள். பிறகு அவர்தான் வெளியூர் விடுதி ஒன்றிலிருந்து பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கும் வேலையை வாங்கிக்கொடுத்தார். அது வர நாலைந்து மாதம் ஆனது. அதுவரை மெஷினில் அம்மா பழைய தலையணை உறைகளைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மாத்திரைக்குச் சிதம்பரம் போவதை நிறுத்திவிட்டுக் கடலூர் ஆஸ்பத்திரியிலேயே வரிசையில் நின்றாள்.

நோய் முழுக்கக் குணமாகிவிட்டது. அம்மா இன்றும் நன்றாக இருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டதில்லை. போன வருஷம் ஒருமுறை எப்படியோ பேச்சை அந்த நாடகத்தின் பக்கம் கொண்டுபோனேன். "அந்தக் கவுன் மாதிரி ஒன்னு அப்புறம் நான் தைக்கவே இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, அம்மா அடுப்பைப் பார்க்க எழுந்துபோய்விட்டாள்.

அந்த நாட்களில், வாசலுக்குத் துணி கேட்டு வருபவர்கள்கூட நின்றுபோன பிறகு, ஒரு சனிக்கிழமை மதியம். அப்பா வேலைக்குப் போயிருந்தார். மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சருக்குச் செஞ்சு காட்டினியே, எனக்கும் ஒரு தரம் செஞ்சு காட்டு."

இத்தனை நாள் வராத அடி இப்போது வரப்போகிறது என்று நினைத்தேன். மாட்டேன் என்றேன்.

"அடிக்க மாட்டேன். செய்யி."

செய்தேன். பயத்தில் முதலில் சரியாக வரவில்லை. பிறகு வந்துவிட்டது. அம்மா கடைசிவரை பார்த்தாள். நான் துணியை விரித்துப் பார்த்து மடித்தபோது அவள் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"துணியில நான் என்னா பாக்குறேன்னு உனக்குத் தெரியுமா?"

"ரத்தம் வந்திருக்கான்னு."

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. ஒரு நாளு கொல்லையில நீ துணி அலசுறப்ப பாத்தேன்."

அம்மா மேஜை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"ராத்திரி நான் இருமறப்ப நீ தூங்க மாட்டியா?"

"மாட்டேம்மா."

"எத்தினி நாளா?"

"தெரியல. தெனம்தான். நீ இருமி முடிக்கிற வரைக்கும் முழிச்சிருப்பேன். அப்புறம் தூங்கிடுவேன்."

அம்மா முகத்தை மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டாள். சக்கரத்தின்மேல் கை வைத்திருந்தாள். ஆனால் சுற்றவில்லை. அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். இருமல் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"போ. போயி வெளயாடு" என்றாள்.

அடி விழவில்லை. அந்தச் சந்தோஷத்தில் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன்.